மனைவியின் பெயரில் ஒரு மருத்துவமனை



வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனைக்கு ஒருமுறையேனும் சென்றிராத குடும்பம் நம் பகுதியில் அரிது. அந்த ஊழியத்தின் தொடக்கத்தில் மூன்று துக்கங்கள் இருந்தன என்பதைப் பலர் அறியார். அன்பானவரை அடக்கம்பண்ணிவிட்டு வெறுமையான வீட்டில் அமர்ந்திருப்போருக்காக அவற்றை இவ்வாரம் நினைவுகூருகிறேன்.

இராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு பிறந்தவர் ஐடா ஸ்கடர். மிஷனெரி மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகள். அமெரிக்காவில் கல்வி கற்றபின், நோயுற்ற தாயைப் பார்க்க, நமக்குத் தெற்கேயுள்ள திண்டிவனத்துக்கு வந்திருந்தார். மிஷனெரியாகும் விருப்பம் அவருக்கு இல்லை. ஓர் இரவில் மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியரைக் காப்பாற்றும்படி ஐடாவை வேண்டினர். அவரோ மருத்துவம் பயிலாதவர்; ஆண் மருத்துவராகிய தகப்பனை அழைத்துச் செல்ல அவர்களுடைய வழக்கம் இடங்கொடுக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மரித்தனர். அந்த இரவே ஐடாவை மருத்துவம் பயிலச் செய்தது.

இரண்டாவது துக்கம் நியூயார்க்கில். ஷெல் என்னும் வங்கியாளர் மேரி டேபர் ஷெல் என்ற தம் மனைவியை இழந்திருந்தார். அவர் நினைவாக வேலூரில் மருத்துவமனை கட்ட 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா திரும்பினார். தகப்பனாரின் அருகிலிருந்து தொழில் பழகலாம் என்ற எண்ணம் நிறைவேறவில்லை. சில மாதங்களில் அவர் மறைந்தார். துக்கத்தோடேயே மகள் ஒரு சிறு அறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றியது.

மருத்துவமனை எழும்பும்பொருட்டே அப்பெண்கள் மரித்தார்கள் என்று நாம் ஒருபோதும் சொல்லலாகாது. அந்த மூன்று கணவர்களின் இழப்புக்கு எந்தக் கட்டடமும் ஈடாகாது. துக்கவீட்டில் அவசரமாய்க் காரணம் கற்பிக்கிற நாவுகளை நாம் அடக்கிக்கொள்வோமாக. லாசருவை எழுப்பப்போகிறவராயிருந்தும், ஆண்டவர் முதலில் அழுதார் என்று யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரம் சாட்சியிடுகிறது. அழுகை அவிசுவாசம் அன்று.

ஆயினும் ஒன்று சொல்லலாம். மரித்தவர்மேல் நாம் வைத்த அன்பு அவரோடு அடக்கமாவதில்லை. அவருக்கு இனிச் சோறு பரிமாற முடியாது. மருந்து எடுத்துக்கொடுக்க முடியாது. அந்த அன்பு செல்ல இடமின்றித் தவிப்பதே துக்கத்தின் பெரும்பங்கு. ஷெல் அதற்கு ஓர் இடம் கண்டார். மனைவியை மறந்து அல்ல, அவர் பெயரைச் சொல்லியே கண்டார்.

நம்மிடம் ஆயிரக்கணக்கான டாலர்கள் இல்லை. ஆனால் தாயின் நினைவாக ஒரு பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கலாம். கணவனை இழந்த அயலகத்தாளோடு ஒரு மாலை அமர்ந்திருக்கலாம். இன்றே என்று கட்டாயமில்லை. ஏற்ற வேளையில், கண்ணீரோடேயே தொடங்கலாம்.

துயரப்படுகிறவர்களைத் தேற்றுகிற தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.