மருதாணி தலைக்கு ஏறிய கதை

மருதாணி இலைக்குக் கொடுக்கத் தெரிந்த நிறம் சிவப்பு ஒன்றுதான். நரைத்த முடியில் அது செம்புக் கம்பி போலத் தெரியும். கறுத்த முடியில் வெயில் பட்டால் மட்டும் தெரிகிற ஒரு மினுக்கு. ஆனால் நரையை மறைக்க வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது கறுப்பு. இலை கொடுப்பது ஒன்று, தலை கேட்பது வேறொன்று என்ற இந்த இழுபறியிலேதான் தலைக்கு மருதாணி போடும் வழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. அந்தந்தக் காலத்து மக்கள் இலையோடு எதைக் கூட்டினார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் வரலாறு தானாக விரியும்.

செடியின் அறிவியல் பெயர் லாசோனியா இனெர்மிஸ். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது. முன்பாதி, அவருக்கு உதவிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஐசக் லாசனின் நினைவாக. பின்பாதிக்கு முள்ளில்லாதது என்று பொருள். வயதான மருதாணிச் செடியில் கையை விட்டுக் கிழித்துக்கொண்டவர்கள் இந்தப் பெயரை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கிளை முற்றினால் நுனி முள்ளாகிவிடும். இன்றைய வகைப்பாட்டின்படி மாதுளையும் இதே குடும்பம்.

பச்சை இலையில் சாயம் சாயமாக இருப்பதில்லை, சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. இலையை நசுக்கி ஈரப்படுத்தினால் பிணைப்பு அறுந்து, காற்றுப் பட்டதும் லாசோன் என்ற செஞ்சாயம் உருவாகிறது. கொஞ்சம் புளிப்பு சேர்ந்தால் அது இன்னும் நிலைத்து நிற்கும். எலுமிச்சைச் சாறு பிழியும் வழக்கத்துக்குக் காரணம் இதுதான். லாசோன் கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். நகம், முடி, உள்ளங்கையின் தடித்த தோல் எல்லாவற்றிலும் கெரட்டின் உண்டு. உள்ளங்கைத் தோல் உரிந்து புதிதாகிவிடுவதால் அங்கே நிறம் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். முடிக்கு அந்த வசதி இல்லை; வளர்ந்து வெட்டுப்படும்வரை நிறம் அங்கேயே கிடக்கும்.

தலைக்கு மருதாணி இட்டதற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று மேல் எகிப்தின் ஹியராகோன்போலிஸில் கிடைத்தது. ஏறத்தாழ கி.மு. 3500ஐச் சேர்ந்த, உழைக்கும் மக்களின் இடுகாடு அது. அங்கே புதைக்கப்பட்டிருந்த நடுவயது கடந்த ஒரு பெண்ணின் நரைமுடி மருதாணியால் சிவந்திருந்தது. சவுரி வைத்து முடியைப் பெருக்கியும் இருந்தார்கள். எகிப்து என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்சேஸின் செம்பட்டைத் தலையை. அவருடைய உடல் 1976இல் பாரிஸுக்குக் கொண்டுபோகப்பட்டு ஆராயப்பட்டபோது, அவருக்கு இயல்பிலேயே செம்முடிதான் என்ற முடிவு வந்தது. முதுமையில் வெளுத்த முடிக்குச் சாயம் ஏற்றப்பட்டதென்றும் சொல்லப்பட்டது. மன்னரின் தலையில் இயற்கை எது, சாயம் எது என்ற விவாதத்துக்கு இடமிருக்கிறது. பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் தலையில் விவாதத்துக்கு வேலையில்லை. நரையை மறைக்கவே போட்டிருக்கிறார்.

கிரேக்கர்கள் மருதாணியைக் கிப்ரோஸ் என்றார்கள். கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவர் டயஸ்கோரிடீஸ், இலையை நுரைக்கும் வேர் ஒன்றின் சாற்றில் ஊறவைத்து முடியைச் செம்மையாக்கும் முறையை எழுதிவைத்திருக்கிறார். அழுக்கு போக்கவும் நிறமேற்றவும் ஒரே கலவை. எபிரேய மொழியில் இதன் பெயர் கோபெர். எங்கேதியின் தோட்டங்களில் பூத்த அந்தச் செடியைத் தமிழ் விவிலியத்தின் உன்னதப்பாட்டு மருதோன்றி என்றே பெயர்த்தது.

வழக்கத்துக்கு ஒழுங்கும் விதியும் வந்தது இஸ்லாத்தோடு. கி.பி. 630இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்ட நாளில், நபித்தோழர் அபூபக்கரின் வயதான தந்தை அபூ குஹாஃபா நபிகள் நாயகத்தின் முன் அழைத்துவரப்பட்டார். தலையும் தாடியும் வெள்ளைப் பூவாய் இருந்தன. இதை மாற்றுங்கள், ஆனால் கறுப்பைத் தவிருங்கள் என்று நபிகள் சொன்னதாக ஹதீஸ் கூறுகிறது. நரைக்கு இடுவதில் சிறந்தவை மருதாணியும் கதமும் என்பது இன்னொரு அறிவிப்பு. கதம் எந்தச் செடி என்பதில் அறிஞர்களுக்குள் வேறுபாடு உண்டு. அது கலந்தால் சிவப்பு இறங்கிக் கருஞ்சிவப்பாகும் என்பதில் வேறுபாடு இல்லை. இங்கே சிவப்பு ஒரு குறையாக இருக்கவில்லை, விரும்பிய நிறமே அதுவாயிற்று. மொராக்கோவிலிருந்து காயல்பட்டினம்வரை பெரியவர்களின் தாடி மருதாணியில் சிவந்திருப்பதன் பின்னணி இது.

எங்கோ ஒரு வீட்டுக்குள் தலையில் பூசிய பச்சைக் குழம்பு அரசாங்கத்தின் கவலையாக மாறியதும் உண்டு. ஸ்பெயினின் கிரனாடாவை 1492இல் கிறிஸ்தவ மன்னர்கள் பிடித்த பிறகு, மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் பழக்கங்கள் ஒவ்வொன்றாகச் சந்தேகத்துக்குள்ளாயின. உடை, மொழி, குளியல் வரிசையில் மருதாணியும் சேர்ந்தது. தடைகள் 1567இல் கடுமையானபோது, பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலே என்ற முதியவர் கிரனாடா நீதிமன்றத் தலைவரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். மருதாணி மதச்சடங்கே இல்லை, பெண்கள் தலையைச் சுத்தப்படுத்தக் கையாளும் பழக்கம், உடம்புக்கும் நல்லது என்பது அவர் வாதம். அதன் மேல் மாசிக்காய் வைப்பது முடிக்குச் சாயம் ஏற்றத்தான் என்றும் விளக்கினார். மாசிக்காயின் துவர்ப்பு முடியைக் கருமையாக்கும். மதத்தை மறுக்கப்போய், பதினாறாம் நூற்றாண்டு ஆண்டலூசியப் பெண்கள் எப்படித் தலைக்கு மருதாணி போட்டார்கள் என்ற செய்முறையையே அவர் ஆவணத்தில் விட்டுச்சென்றார். விண்ணப்பம் பலிக்கவில்லை. அடுத்த ஆண்டே மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. 1609இல் தொடங்கி அந்த மக்கள் ஸ்பெயினை விட்டே துரத்தப்பட்டார்கள்.

கறுப்புக்கு முழுமையான விடை கண்டது பாரசீகம். அங்கே பொதுக் குளியல் கூடத்தில் முதலில் மருதாணி. அதை அலசிய பிறகு அவுரி இலைப் பொடியின் குழம்பு. அவுரியை அவர்கள் நிறம் என்ற பொருளில் 'ரங்' என்றார்கள். இரண்டு செடிகளின் குணமும் நேரெதிர். மருதாணிக் குழம்பு மணிக்கணக்கில் ஊறவேண்டும். அவுரியை நனைத்த கொஞ்ச நேரத்தில் தலையில் ஏற்றிவிட வேண்டும், தாமதித்தால் சாயம் கிண்ணத்திலேயே முடிந்துபோகும். நரையில் அவுரியை மட்டும் பூசினால் நீலமோ பச்சையோ தட்டும். மருதாணியின் சிவப்பு அடியில் இருந்தால்தான் மேலே ஏறும் நீலம் கறுப்பாகக் கண்ணுக்குப் படும். ஈரானின் கெர்மான் பக்கத்தில் விளைந்த இலையை யஸ்த் நகரத்துக்குக் கொண்டுவந்து, மாசாரி எனப்படும் ஆலைகளில் பெரிய கல் உருளைகளால் அரைத்தார்கள்.

இந்தியாவில் கதை வேறு மாதிரி. ஆயுர்வேதத்துக்குக் கறுப்பு முடியின் மேல் பெரிய ஆசை உண்டு. அதற்கு அது நம்பியவை அவுரி, கரிசலாங்கண்ணி, திரிபலை, இரும்புத்தூள். கேரளத்து நீலிபிருங்காதி எண்ணெயின் பெயரிலேயே அவுரியும் கரிசலாங்கண்ணியும் இருக்கின்றன. மருதாணியின் வடமொழிப் பெயர்களில் ஒன்று நகத்துக்கு நிறமூட்டுவது என்ற பொருள் தருவது. தமிழிலும் மருதாணி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆடி மாதத்துப் பெண்பிள்ளைகளின் விரல் நுனித் தொப்பியும் உள்ளங்கை வட்டமும்தான். சித்த மருத்துவம் அழவணம் என்றும் ஐவணம் என்றும் இதைச் சொல்லும். தலைக்கு வந்தபோதும் தமிழ் வீட்டில் இது குளிர்ச்சிப் பொருளாகவே வந்தது. இலையை அரைத்து வடை போலத் தட்டி, நிழலில் உலர்த்தி, தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவார்கள். எண்ணெய் நிறம் மாறும், மணமும் மாறும். ஆனால் முடி சிவக்காது. சாயம் விடுபடத் தண்ணீர் வேண்டும், எண்ணெய் அதற்கு உதவாது. சூடு தணியவும் முடி வளரவும் என்று தேய்த்த எண்ணெய் அது; நரை மறைப்பது அதன் வேலையாக இருந்ததில்லை.

தலை முழுக்கப் பூசும் வழக்கம் இங்கே பரவாததற்கு அம்மியும் ஒரு காரணம். பத்து விரலுக்கு ஒரு கைப்பிடி இலை போதும். நீண்ட கூந்தலுக்கு முறம் முறமாய்ப் பறிக்க வேண்டும். அரைத்த பச்சை விழுதில் நரம்பும் காம்பும் கிடக்கும்; தலையில் ஏறினால் நாலு குளியலுக்கும் வெளிவராது. காய்ந்த இலையை மாவாக்கித் துணியில் சலித்த பொடி வந்த பிறகே அது வேலையாயிற்று. அந்தப் பொடியின் தலைநகரம் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத். மழை குறைந்த அந்த மண்ணில் செடி ஒருமுறை ஊன்றினால் பல பத்தாண்டுகளுக்குப் பலன் தரும். மழைக்காலம் முடிந்ததும் அரிவாளால் அறுத்து, காயவைத்து, அடித்து இலையைப் பிரிக்கிறார்கள். சோஜத் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஐரோப்பாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழைநாட்டு மோகத்தோடு மருதாணி போயிற்று. ஆபெரா பாடகி அடெலினா பட்டி அதைப் பிரபலமாக்கினார் என்பார்கள். அங்கே செம்முடி நாகரிகம், அதனால் இலையின் நிறத்தோடு சண்டை இல்லை. ஆனால் பல நிறமும் வேண்டும் என்ற ஆசையில் வணிகர்கள் ஈயம், செம்பு, வெள்ளி உப்புகளைப் பொடியில் கலந்தார்கள். அப்படிப் பூசிய தலையில் பிறகு வெளுப்புக் கரைசல் பட்டால் முடி சூடேறிப் பொடிந்துவிடும். மருதாணி போட்ட தலை என்றாலே மேலைநாட்டு முடி ஒப்பனையாளர்கள் தயங்குவதற்கு வேர் இந்த உலோகக் கலப்படம். பழி மட்டும் இலைக்கு.

இதே சமயத்தில் ஆய்வுக்கூடம் முந்திக்கொண்டது. 1860களில் அறியப்பட்ட பாராபீனைலின்டையமின் என்ற வேதிப்பொருள் 1880களில் சாயத் தொழிலுக்குள் வந்தது. பாரிஸில் யூஜின் ஷூலர் 1909இல் தொடங்கி, பிறகு லோரியால் ஆன நிறுவனம் செயற்கை முடிச்சாயத்தையே அடிப்படையாகக் கொண்டது. சிலருக்கு ஒவ்வாமை தரும் என்றாலும், அரை மணி நேரத்தில் கறுப்பு கொடுக்கும் பொருளோடு இலை போட்டியிட முடியாது. போட்டியிட முடியாததைப் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். இந்தியக் கடைகளில் கறுப்பு மருதாணி என்று விற்கும் சிறு பொட்டலங்கள் பலவற்றில் கறுப்பு தருவது இந்த வேதிப்பொருள். மருதாணி துணைக்கு வருவது. ஐரோப்பிய ஒன்றியம் முடிச்சாயத்தில் இதற்கு 2 சதவீத உச்சவரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்க விதிகள் மருதாணியைத் தலைமுடிக்கு மட்டும் அனுமதிக்கின்றன, தோலுக்கு அனுமதி இல்லை. கையில் இடுவதையே மருதாணியின் முதல் வேலையாகக் கருதும் நாட்டிலிருந்து பார்த்தால் தலைகீழ் விதி. பொட்டலத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு: கொஞ்சம் குழைத்து நரைமுடிக் கற்றை ஒன்றில் பூசிப் பார்க்கலாம். ஆரஞ்சு வந்தால் இலை. அரை மணிக்குள் கரேல் என்று ஆனால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

இன்றைய தமிழ் வீட்டு முறையில் இந்த வரலாற்றின் பல அடுக்குகள் ஒரே சட்டியில் கிடக்கின்றன. முந்தின நாள் இரவு இரும்புச் சட்டியில் மருதாணிப் பொடி, நெல்லிக்காய்ப் பொடி, ஆறிய தேயிலை டிக்காஷன், அரை மூடி எலுமிச்சை. காலையில் மூடியைத் திறந்தால் மேல்பரப்பு கறுத்து, கரண்டியால் கிளறினால் அடியில் கரும்பச்சையாக இருக்கும். டிக்காஷனிலும் நெல்லியிலும் உள்ள துவர்ப்பு சட்டியின் இரும்போடு கூடிக் கருமை தருகிறது. பழைய எழுத்து மை இப்படித்தான் செய்யப்பட்டது. கிரனாடாவின் மாசிக்காய் செய்த வேலையில் பாதியை இங்கே தேயிலைத்தூள் செய்கிறது. சளி பிடிக்கும் என்று பயந்து கிராம்பு சேர்ப்பவர்களும், மினுமினுப்புக்கு முட்டை உடைத்து ஊற்றுபவர்களும் உண்டு. முட்டையால் நிறத்துக்கு ஒரு பயனும் இல்லை. அலசும்போது நாற்றம்தான் மிச்சம். தலையில் முந்தின நாள் எண்ணெய் இருந்தால் சாயம் சரியாகப் பிடிக்காது. நெற்றி ஓரத்திலும் காதுமடலிலும் மட்டும் எண்ணெய் தடவுவது, வழிகிற குழம்பு தோலில் பிடிக்காமலிருக்க. இரண்டு மூன்று மணி நேரம் ஊறி, வெறும் தண்ணீரில் அலசினால் முதலில் கண்ணை உறுத்தும் ஆரஞ்சு வரும். ஷாம்பு போடாமல் விட்டால் இரண்டு நாளில் காற்றுப் பட்டு இறங்கிப் பழுப்பாகிவிடும்.

இரும்புச் சட்டியும் கறுப்பைத் தராது, கரும்பழுப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டியவர்கள் பாரசீகக் குளியல் கூடத்தின் இரண்டாம் படிக்கே திரும்பியிருக்கிறார்கள். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் நலிந்த அவுரிச் சாகுபடி, விழுப்புரம் வட்டாரத்தில் அடியோடு அழிந்துவிடவில்லை. சாயத்தொட்டிக்கு என்று வளர்த்த செடியின் காய்ந்த இலை இப்போது பொடியாகி மருதாணிப் பொட்டலத்தின் பக்கத்திலேயே நாட்டு மருந்துக் கடையில் தொங்குகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, காத்திராமல் பூசி, ஒரு மணி நேரத்தில் அலசிவிட வேண்டும். அன்று பச்சை தட்டினாலும் மறுநாள் கறுக்கும். மாதம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முடி வளர்வதால் வகிட்டில் வெள்ளைக் கோடு மறுபடி எட்டிப் பார்க்கும். அந்தக் கோட்டுக்கு மட்டும் அடுத்த முறை பூசினால் போதும்.