இஷாப்பூர் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி (சேகரிப்பும் மதிப்பும்)

வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவான, போல்ட் இழுத்துச் சுடும் படைத்துறைத் துப்பாக்கி. பேச்சுவழக்கில் 'த்ரீ நாட் த்ரீ'.

மதிப்பிடுவோர் முதலில் பார்ப்பது கட்டையின் கழுத்தை ஒட்டிய எஃகுப் பகுதியில் உள்ள முத்திரையைத்தான். கிரீடமும் அதனடியில் 'ஜி.ஆர்.ஐ.' எழுத்துகளும் இருந்தால் அது பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தது. அசோகச் சிங்கங்கள் இருந்தால் விடுதலைக்குப் பிந்தையது. அடுத்தது எண். போல்ட்டிலும் உடற்பகுதியிலும் ஒரே வரிசை எண் இருந்தால் விலை ஏறும். மாறியிருந்தால் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது. மெருகைப் பார்த்து ஏமாறக்கூடாது. குழலைச் சுற்றிச் செப்புக்கம்பி இறுகக் கட்டியிருப்பது பழுதன்று, கையெறிகுண்டு ஏவப் பயன்பட்டதன் அடையாளம். 'டி.பி.' என்றிருந்தால் அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடத் தகாதது. 1960-களின் 2ஏ, 2ஏ1 வகைகள் 7.62 மி.மீ. தோட்டாவுக்கானவை, சதுரமான தோட்டாப்பெட்டியே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். 2ஏ-யின் குறிகாட்டி 2000 மீட்டர் வரை, 2ஏ1-இல் 800 மட்டுமே.

இந்தச் சந்தை பெரும்பாலும் வெளிநாட்டில்தான். இந்தியாவில் .303 தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கே விலக்கு தருகிறது. 'பழசு' என்பது மட்டும் போதாது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடியவை இரண்டே, பரம்பரைத் துப்பாக்கியையும் சேர்த்து. ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தாத்தாவின் பரணில் ஒன்று கிடைத்தால், விலை விசாரிக்கும் முன் போக வேண்டிய இடம் 2022-இல் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகம். வெறுமனே பார்க்க ஆசைப்படுபவருக்குச் சென்னை கோட்டை அருங்காட்சியகத்தின் படைக்கலப் பகுதி இருக்கிறது.