ஊக்கமூட்டும் நேர்காணல்

ஒரு பழக்கத்தை விடவோ புதிதாக ஒன்றைக் கைக்கொள்ளவோ வேண்டும் என்று தெரிந்தும் மனம் ஒருநிலைப்படாமல் இருப்பவரோடு ஆலோசகர் நடத்தும் ஒரு வகை உரையாடலே ஊக்கமூட்டும் நேர்காணல். உலகெங்கும் ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’ என்று அறியப்படும் இம்முறையில், மாற வேண்டியதற்கான காரணங்களை ஆலோசகர் எடுத்துச் சொல்வதில்லை. அவை வந்தவரின் வாயிலிருந்தே வரும்படி அவர் கேள்வி கேட்கிறார், காதுகொடுக்கிறார், கேட்டதன் பொருளைத் திருப்பிச் சொல்கிறார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஆர். மில்லர் 1983இல் இதற்கு முதல் வடிவம் தந்தார். குடிநோய்ச் சிகிச்சைக்காகப் பிறந்த முறை, இன்று புகைப்பழக்கம், நீரிழிவு, எச்ஐவி, பல் பராமரிப்பு, குற்றவாளிகளின் நன்னடத்தைக் கண்காணிப்பு எனப் பல துறைகளில் கையாளப்படுகிறது. இதன் நாற்பதாண்டு வரலாற்றை ஒரே கேள்வியின் வரலாறாகப் படிக்கலாம். மாற மறுப்பவரின் மறுப்பு எங்கே பிறக்கிறது, அவருடைய குணத்திலா, அவரோடு பேசுபவர் பேசும் விதத்திலா? அதில் பெரும்பங்கு பேச்சு நடக்கும் விதத்தில் பிறக்கிறது என்பதே சான்றுகள் காட்டும் விடை. இம்முறையின் நிலைத்த பங்களிப்பும் அந்த விடைதான்.

முந்தைய சூழல்

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கக் குடிநோய்ச் சிகிச்சையை ஆண்டது வேறொரு நம்பிக்கை. குடிநோயாளி தன் நோயை ஒப்புக்கொள்ள மறுப்பவர், பொய் சொல்பவர், அந்த மறுப்பை உடைத்தால்தான் சிகிச்சை தொடங்கும் என்று பலரும் கருதினர். 1958இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட சினனான் என்ற போதை மீட்புச் சமூகம் இதன் கடுமையான வடிவம். அங்கே ஒருவரை நடுவில் வைத்து மற்றவர்கள் கூட்டமாக வசைபாடுவதே மருந்தாகக் கருதப்பட்டது. இந்த முறைக்குள் தப்பமுடியாத ஒரு தர்க்கம் இருந்தது. ‘நான் குடிநோயாளி’ என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் நோய் உறுதியாகும். இல்லை என்றால் அந்த மறுப்பே நோயின் அறிகுறியாகும். எந்தப் பதிலாலும் பொய்ப்பிக்க முடியாத கருத்தை அறிவியல் என்று சொல்ல முடியாது. இந்தக் கடுமைக்கு, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைப் பொறுப்பாக்குவதும் நியாயமல்ல. 1935இல் தொடங்கிய அவ்வியக்கம் தன் அடிப்படை நூலிலேயே, ஒருவரைக் குடிநோயாளி என்று பிறர் முத்திரை குத்துவதை விரும்பவில்லை என்று தெளிவாக்கியிருந்தது. கடுமை பின்னர் சிகிச்சை நிலையங்களில் சேர்ந்துகொண்டது.

மறுபக்கத்தில், 1940களிலிருந்து உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வளர்த்த ஆலோசனை மரபு இருந்தது. தீர்ப்புச் சொல்லாமல், எதிரில் இருப்பவரின் உலகத்தை அவருடைய கண்ணாலேயே பார்த்துக் கேட்பதே குணமாக்கும் என்றார் ரோஜர்ஸ். ஆனால் உரையாடல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று ஆலோசகர் தீர்மானிப்பதை அவர் ஏற்கவில்லை. குடியால் உயிர் போய்க்கொண்டிருக்கும் ஒருவரிடம் திசையே இல்லாமல் பேசுவது போதுமா என்ற கேள்வி இதனால் எஞ்சி நின்றது. ஊக்கமூட்டும் நேர்காணல் இவ்விரு மரபுகளுக்கும் இடையில் பிறந்தது. கேட்கும் முறையை ரோஜர்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு திசையைச் சேர்த்தது.

தோற்றம்

மில்லர் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் நடத்தைச் சிகிச்சை ஆய்வாளராக இருந்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 1980இல் வெளியிட்ட ஆய்வு அவர்கள் எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. ஒன்பது ஆலோசகர்கள் ஒரே பயிற்சி பெற்று ஒரே வகை நடத்தைச் சிகிச்சையை அளித்தனர். ஆனாலும் ஆறு மாதங்களுக்குப் பின் அவர்களிடம் வந்தவர்களின் குடி அளவில் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஆலோசகர் எவ்வளவு புரிந்துணர்வோடு கேட்டார் என்பதோடு பொருந்தி வந்தது. ஒன்பது பேர் சிறிய எண்ணிக்கைதான். அந்தத் தொடர்பும் காலப்போக்கில் தளர்ந்தது. ஆனால் எந்த நுட்பம் கையாளப்பட்டது என்பதைவிட யார் எப்படிப் பேசினார் என்பது முக்கியமாக இருக்கலாம் என்ற ஐயத்தை அது விதைத்துவிட்டது.

1982இல் மில்லர் நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகிலுள்ள யெல்லஸ்டாட் சிகிச்சை நிலையத்தில் தங்கி, இளம் உளவியலாளர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர்கள் நோயாளிகளாக நடிக்க, அவர் ஆலோசகராகப் பேசிக் காட்டினார். அவர்களோ இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்டனர். இந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள்? அவர் சொன்னதில் இதை விட்டுவிட்டு அதை மட்டும் ஏன் திருப்பிச் சொன்னீர்கள்? பதில் சொல்லப் புகுந்தபோதுதான், தன் பேச்சுக்குள் வகுத்துச் சொல்லப்படாத சில விதிகள் இருப்பதை மில்லர் கண்டார். மாற்றத்துக்குச் சாதகமான சொற்களைத் தேடி எடுப்பதும் வாதத்தைத் தவிர்ப்பதும் அவற்றுள் முக்கியமானவை. அவற்றை எழுதி வைத்த குறிப்பு 1983இல் ‘பிஹேவியரல் சைக்கோதெரபி’ இதழில் கட்டுரையாக வந்தது. 1989இல் அவர் ஆஸ்திரேலியாவில் ஸ்டீபன் ரோல்னிக்கைச் சந்தித்தார். தென்னாப்பிரிக்காவில் பிறந்து வேல்ஸில் பணிபுரிந்த ரோல்னிக், அக்கட்டுரையின் வழியைப் பிரிட்டனில் ஏற்கெனவே பின்பற்றிவந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1991இல் வெளியானது. 2002, 2013, 2023 ஆகிய ஆண்டுகளில் திருத்திய பதிப்புகள் வந்தன. முதல் பதிப்பு போதைப் பழக்கத்தை மட்டும் பேசியது. அடுத்தடுத்த பதிப்புகள் எல்லா வகை மாற்றத்துக்கும் விரிந்தன.

செயல்படும் விதம்

மாற வேண்டியவருக்கு மாறும் ஆசையும் மாறாதிருக்கும் ஆசையும் ஒருசேர உண்டு என்பது இம்முறையின் தொடக்கப் புள்ளி. இந்த இருமனம் நோயல்ல, மனித இயல்பு. இருமனத்தில் இருப்பவரிடம் ஒருவர் ஒரு பக்கத்துக்கு மட்டும் வாதாடினால், அவர் மறுபக்கத்துக்கு வாதாடத் தொடங்குகிறார். தன் வாயால் சொன்னதைத் தானே நம்பவும் தொடங்குகிறார். எடுத்துக்காட்டாக, ஒருவர் வந்து உட்கார்ந்ததும், “வீட்டுக்காரி சொன்னதால வந்தேன். நான் ஒண்ணும் தினமும் குடிக்கிறவன் இல்லை” என்கிறார் என்று கொள்வோம். “ஈரல் கெட்டுப்போச்சுன்னு ரிப்போர்ட் சொல்லுதே?” என்று ஆலோசகர் மடக்கினால், எண்பது வயதுவரை குடித்து நன்றாக இருந்த சித்தப்பாவின் கதை வரும். மாறாக, “அவங்க வற்புறுத்தித்தான் வந்திருக்கீங்க. உங்களுக்கு இது அவ்வளவு பெரிய பிரச்சினையாத் தெரியலை” என்று கேட்டதைத் திருப்பிச் சொன்னால், எதிர்த்து நிற்க அங்கே எதுவும் இல்லை. “பிரச்சினையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். காலையில கை நடுங்குது” என்று அவரே தொடர வாய்ப்பு உண்டு. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, கை நடுக்கத்தைப் பற்றி மேலும் சொல்லச் சொல்வது ஆலோசகரின் அடுத்த வேலை.

அளவுகோல் கேள்வியும் இதே கணக்கில் அமைந்தது. குடியைக் குறைப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று ஆலோசகர் கேட்கிறார். நான்கு என்று பதில் வந்தால், “ஏன் எட்டு இல்லை?” என்று கேட்பதில்லை, கேட்டால் குறைக்க முடியாததற்கான காரணங்களே வரும். “ஏன் பூஜ்யம் இல்லாம நாலு?” என்று கேட்டால், குறைக்க வேண்டியதற்கான காரணங்களைத் தேடிச் சொல்ல வேண்டியிருக்கும். இப்படி வருவதை இத்துறையினர் மாற்றப் பேச்சு என்கின்றனர். நம்பிக்கையோடு பழகுதல், எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவுசெய்தல், மாற்றப் பேச்சை வெளிக்கொணர்தல், திட்டமிடுதல் என நான்கு கட்டங்களாக மூன்றாம் பதிப்பு இதை ஒழுங்குபடுத்தியது. நோயாளியின் ‘எதிர்ப்பு’ என்ற பழைய கருத்தையும் அதே பதிப்பு கைவிட்டது. பழக்கத்தை விடாதிருக்கச் சொல்லும் காரணங்கள் இருமனத்தின் ஒரு பாதி என்றும், ஆலோசகரோடு ஏற்படும் உரசல் உறவில் விழுந்த விரிசல் என்றும் இரண்டாகப் பிரித்தது.

சான்றுகள்

மறுப்பு உரையாடலில் பிறக்கிறது என்பதைச் சோதித்துப் பார்க்க முடியும், சோதித்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகனில் ஜெரால்ட் பேட்டர்சனும் மேரியன் ஃபர்காட்சும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளர் ஒரே அமர்வுக்குள் தம் பேச்சுமுறையை மாற்றி மாற்றிக் கையாண்டார். போதிக்கவும் எதிர்த்துப் பேசவும் தொடங்கியபோது ஒத்துழையாமை ஏறியது, நிறுத்தியபோது இறங்கியது. அதே மனிதர், அதே அறை. மாறியது பேச்சு மட்டுமே. 1993இல் மில்லரும் சகாக்களும் 42 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆலோசகர் எந்த அளவுக்கு எதிர்த்துப் பேசினாரோ அந்த அளவுக்கு வந்தவர் ஓராண்டுக்குப் பின் கூடுதலாகக் குடித்தது தெரிந்தது. 1,726 பேர் பங்கேற்ற ‘பிராஜெக்ட் மேட்ச்’ என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 1997இல் வந்தன. இம்முறையை அடிப்படையாகக் கொண்ட நான்கு அமர்வுச் சிகிச்சை, பன்னிரண்டு அமர்வுகள் கொண்ட மற்ற இரு சிகிச்சைகளுக்கு ஏறத்தாழ இணையான பலனைத் தந்தது. மிகுந்த கோபத்தோடு வந்தவர்களுக்கு இதுவே கூடுதலாக உதவியது என்பது இந்தக் கருத்தோடு நன்கு பொருந்துகிறது.

மிக நுட்பமான சான்று 2003இல் வந்தது. மொழி உளவியலாளர் பால் ஆம்ரைன் அமர்வுகளின் காணொளிப் பதிவுகளை வாக்கியம் வாக்கியமாக ஆராய்ந்தார். வந்தவர் எத்தனை முறை மாற்றம் பற்றிப் பேசினார் என்பதைவிட, அமர்வின் முடிவை நெருங்கும்போது அவருடைய உறுதிமொழி எவ்வளவு வலுத்தது என்பதே பின்னாளில் அவர் போதையிலிருந்து விலகுவதை முன்னறிவித்தது. சிலருடைய உறுதி அமர்வின் இறுதியில் சரிந்ததையும் அவர் கண்டார். அமர்வு முடிவதற்குள் மாற்றத் திட்டத்தை எழுதி முடித்தாக வேண்டும் என்று ஆய்வுக் கையேடு விதித்திருந்தது. தயாராகாதவரையும் ஆலோசகர் அந்த இடத்துக்குத் தள்ளியதே சரிவுக்குக் காரணமாக விளக்கப்பட்டது. 72 சோதனைகளைத் தொகுத்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், கையேட்டைப் பின்பற்றிய சோதனைகள் குறைவான பலன் தந்ததும் இதோடு ஒத்துப்போகிறது. அவசரப்படுத்தினால் இம்முறைகூடத் தன் கையாலேயே மறுப்பை உண்டாக்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

மறுப்புரைகளும் விடைகளும்

பலன் சிறியது என்பது முதல் மறுப்பு. இது உண்மை. 59 ஆய்வுகளைத் தொகுத்த, காக்ரேன் என்ற மருத்துவச் சான்று அமைப்பின் 2011ஆம் ஆண்டு மதிப்பாய்வு, போதைப் பழக்கத்தில் இம்முறை சிகிச்சையே இல்லாததைவிட மேலானது, மற்ற சிகிச்சைகளைவிடத் தெளிவாக மேலானதல்ல, பலனும் நாள்பட்டால் தேய்கிறது என்று காட்டியது. இளையோரின் குடியைப் பற்றிய மதிப்பாய்வுகளில் பலன் இன்னும் மெலிந்திருந்தது. எனவே இதை அருமருந்தாக விற்பவர்களை நம்பக் கூடாது. ஆனால் சில அமர்வுகளில் முடியும் முறை, நீண்ட சிகிச்சைகளுக்கு இணையாக நிற்பது, ஆலோசகர்கள் குறைவாக உள்ள நாடுகளுக்குப் பெரிய செய்தி. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், அளவுக்கு மீறிக் குடித்த 377 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. உளவியல் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டுமே பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், இம்முறையைத் தழுவிய நான்கு அமர்வுகள் வரையிலான ஆலோசனையை வழங்கினர். மூன்று மாதங்களுக்குப் பின் அந்த ஆலோசனையைப் பெற்றவர்களில் 36 சதவீதத்தினர் அபாயக் குடியிலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் இது 26 சதவீதம்.

இரண்டாவது மறுப்பு அறம் சார்ந்தது. ஆலோசகர் விரும்பும் முடிவை வந்தவரின் வாயாலேயே சொல்லவைப்பது நயமான சூழ்ச்சி அல்லவா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மில்லரும் ரோல்னிக்கும் தட்டிக்கழிக்கவில்லை. வந்தவரின் நலனல்லாமல் ஆலோசகரின் ஆதாயம் முன்நிற்கும் இடத்தில் இதைக் கையாளக் கூடாது என்பது அவர்கள் வகுத்த எல்லை. சிறுநீரகத்தைத் தானம் செய்யலாமா, குழந்தை பெற்றுக்கொள்ளலாமா போன்ற கேள்விகளில் ஆலோசகர் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும். மேலும், ஒருவரிடம் அறவே இல்லாத விருப்பத்தை இந்த உரையாடலால் உண்டாக்க முடியாது. இருப்பதை அவர் கேட்கும்படி செய்யத்தான் முடியும். பிடிக்காத முடிவை எடுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதை ஆலோசகர் மனதார ஏற்காதபோதுதான் இது சூழ்ச்சியாகிறது.

மூன்றாவது மறுப்பு, குடிக்குப் பின்னால் வறுமையும் வேலையின்மையும் தெருமுனைக் கடையும் இருக்கும்போது தனிமனிதரின் ஊக்கத்தைப் பேசுவது பொறுப்பை அவர் தலையில் கட்டுவதாகும் என்பது. விலை, வரி, விற்பனை நேரம் ஆகியவற்றை மாற்ற வேண்டியது அரசின் கடமை. எந்த உரையாடலும் அதற்கு மாற்றாகாது. ஆனால் அந்த மாற்றம் வரும்வரை சுகாதார நிலையத்துக்கு வந்து நிற்பவரிடம் எப்படியாவது பேசித்தானே ஆக வேண்டும்? அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பழைய முறையைவிட, மரியாதையோடு கேட்கும் முறையே பழியை அவர் தோளிலிருந்து இறக்குகிறது.

எஞ்சியுள்ள உண்மையான குறை பயிற்சியில் இருக்கிறது. பார்க்க எளிதாகத் தோன்றுவதால், இரண்டு நாள் பயிலரங்கில் இதைக் கற்றுவிடலாம் என்று பல நிறுவனங்கள் நம்புகின்றன. மில்லர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பயிலரங்கோடு நின்றவர்களின் திறன் சில மாதங்களில் தேய்ந்தது; பதிவான தங்கள் அமர்வுகளுக்குக் கருத்தும் வழிகாட்டலும் தொடர்ந்து பெற்றவர்களிடம் அது நிலைத்தது. ஆகவே இம்முறையை ஏற்கும் சிகிச்சை நிலையங்கள் சான்றிதழ்களை எண்ணிக்கொண்டிருப்பதை விட்டு, தங்கள் ஆலோசகர்களின் அமர்வுகளைக் கேட்டுத் திருத்த ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டும். வந்தவர் மறுத்துப் பேசும்போது, ‘இவர் ஒத்துழைக்கவில்லை’ என்று கோப்பில் எழுதுவதற்கு முன், அதற்குச் சற்றுமுன் தாம் என்ன சொன்னோம் என்று ஆலோசகர் பார்க்க வேண்டும்.