"எந்த இடம் வேணும்?" - கறிக்கடையில் முழிக்கிறவரா நீங்க?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. "அண்ணே, அரைக்கிலோ மட்டன்" என்கிறீர்கள். கத்தியை நிறுத்தாமலே அவர் கேட்கிறார், "எந்த இடம் வேணும் தம்பி?" இடமா? நிமிர்ந்து பார்த்தால் கொக்கியில் முழு ஆடு. வால் மட்டும் உரிக்காமல் தொங்குது. வயிற்றுக்குள் ஏதோ புரள, "நீங்களே பார்த்துப் போடுங்கண்ணே"ன்னு மொபைலை எடுத்துடுறீங்க. அப்புறம் என்ன, காலையில் இருந்து யாரும் கேட்காத துண்டுகள் எல்லாம் உங்கள் பைக்குத்தான்.

அந்த வாலில் இருந்தே ஆரம்பிப்போம். அதை விட்டுவைப்பது, இது வெள்ளாடுதான் என்று காட்ட. வெள்ளாட்டு வால் குட்டையாக மேல்நோக்கி நிற்கும். செம்மறி வால் கீழே தொங்கும்.

மற்றதுக்கு ஒரே கணக்குதான். உழைக்கிற தசை முரடு, சும்மா இருக்கிற தசை மெது. ஆடு நாள் முழுக்க நடக்குது, குனிஞ்சு மேயுது. அதனால் கழுத்து, முன் சப்பை, கால் பகுதிகளில் கொலாஜன் என்ற நார்ப்பொருள் அதிகம். அவசரமா வறுத்தா ரப்பர்தான். ஆனால் நிதானமாக வேகவிட்டால் அந்த நார் ஜெலட்டினாக உருகி, குழம்புக்கு அந்தப் பிசுபிசுப்பான கெட்டித்தன்மையைக் கொடுக்கும். பிரியாணிக்கும் குழம்புக்கும் முன் சப்பை கேளுங்க. முதுகெலும்பை ஒட்டிய சாப்ஸ் அதிகம் உழைக்காத பகுதி, சீக்கிரம் வெந்துடும். பின் தொடையில் எலும்பு குறைவு, தனிக்கறி. சுக்கா, கோலா உருண்டைக்கு அதுதான். நெஞ்செலும்பில் கொழுப்பும் குருத்தெலும்பும் இருப்பதால் சூப்புக்கு ருசி. "தொடையில கால் கிலோ, நெஞ்செலும்புல கால் கிலோ, ஒரு நல்லி போடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க, அண்ணன் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும்.

சுவரொட்டி என்பது மண்ணீரல். இரும்புச்சத்து நிறைய. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், எனவே கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

சரி, அந்த வயிற்றுப் புரட்டலுக்கு வருவோம். பாதி பயம் தெரியாததால் வருவது. பாக்கெட் கறியில் தேங்கும் சிவப்புத் தண்ணீர் ரத்தம் இல்லை. மயோகுளோபின் என்ற தசைப் புரதம் கலந்த நீர். புதுசா வெட்டின கறி துடிக்கிறதா? அதில் உயிர் இல்லை. தசையில் மிச்சம் இருக்கும் ஆற்றல் தீரும் வரை அப்படித் துடிக்கலாம்.

மீதிப் பாதிக்கு விளக்கம் போதாது. ஆட்டுக்குட்டி ரீல்ஸுக்கு ஹார்ட் போட்டுட்டு, அதே கையால் பிரியாணி ஆர்டர் பண்றோம். உளவியலில் இதை 'மீட் பாரடாக்ஸ்' என்கிறார்கள். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் சிலருக்கு மாட்டுக்கறி வற்றல், சிலருக்கு முந்திரி கொடுத்தார்கள். பிறகு, எந்தெந்த விலங்குகள்மேல் நமக்கு அக்கறை இருக்கணும் என்று கேட்டார்கள். கறி தின்றவர்கள் குறைவான விலங்குகளையே தேர்ந்தெடுத்தார்கள்! நாக்குக்கு ஏற்ப மனசு கணக்கை மாத்திக்குது. 'ஆட்டுக்கறி' என்பதைவிட 'மட்டன்' நமக்கு வசதியாக இருப்பதும் அதனால்தானோ என்னவோ.

எட்டு வயசில், பாட்டி வீட்டில் நான் தழை ஒடிச்சுப் போட்டு வளர்த்த கிடாயைக் குலசாமிக்கு வெட்டினார்கள். நான் சாப்பிடலை. பாட்டி வற்புறுத்தலை, ரசம் ஊத்தினாங்க. அடுத்த வாரமே கறிக்குழம்பை வழிச்சு நக்கினேன். அந்த ஆட்டை எனக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களுக்கும் உறுத்தினால், உறுத்தல் தப்பில்லை. அதுக்காக நாளைக்கே சைவமாகணும்னும் இல்லை. வாரம் மூணு நாள் கறி என்பதை ஒண்ணாக்கலாம். வாங்கினதில் எலும்பு, கொழுப்பு, ஈரல் எதையும் குப்பையில் போடாமல் சமைக்கலாம். முழுசா விடுறதுன்னா கொண்டைக்கடலை, பயறு, பன்னீர், முட்டை எல்லாம் இருக்கு; வைட்டமின் பி12-ஐ மட்டும் கவனிச்சுக்கோங்க, செடிகொடிகளில் அது கிடைக்காது. வீட்டில் சொல்றதுதான் கஷ்டம். ஞாயிறு மதியம் இலை போட்ட பிறகு சொல்லாதீங்க, சனிக்கிழமையே அம்மாகிட்ட சொல்லிடுங்க.