மனு மறுத்த பழம்பொருள்

சூத்திரனுக்கு எதைத் தரலாம் என்று மனுநூல் ஒரு பட்டியல் வகுத்திருக்கிறது. அந்நூலின் 10 ஆம் அத்தியாயத்தில் 125 ஆம் சுலோகம் அது. உண்டு மிஞ்சிய சோறு, உடுத்துக் கழித்த துணி, புடைத்து ஒதுக்கிய பதர், புழங்கித் தேய்ந்த தட்டுமுட்டு ஆகியவற்றை ஊழியம் புரியும் சூத்திரனுக்குக் கொடுக்கலாமாம். என்னே தாராளம்! என்னே தருமம்! ஆனால், அந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் ஒரு பொருள் மட்டும் அதில் தென்படாது. பழைய துணி உண்டு. பழைய ஏடு இல்லை. வேதத்தைக் கேட்ட சூத்திரன் செவியில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தருமசூத்திரம். கல்வியை ஈய மனமில்லாதவர்கள், காதுக்கு ஈயத்தை ஈந்தார்கள்!

ஏன் இந்த வேறுபாடு? காரணம் எளிது. கந்தலை உடுத்தியவன், கொடுத்தவனை நினைத்துக் குனிவான். நூலைப் படித்தவனோ நிமிர்ந்து நின்று, ஏன் என்று கேட்பான். பிறர் உடுத்த துணி நம்மிடம் வரும்போது பாதி தேய்ந்து வருகிறது. பிறர் படித்த நூலோ, அட்டை கிழிந்திருந்தாலும், கருத்துக் குறையாமல் முழுமையாக வருகிறது. இந்த உண்மையை வைதீகம் நன்றாக உணர்ந்திருந்தது.

ஆகவேதான், நகரத்து மாணவர்கள் பழைய புத்தகக் கடையில் நின்ற வரலாற்றை வெறும் சிக்கனத்தின் வரலாறாக நாம் கருதுவதில்லை. அது உரிமையின் வரலாறு.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் தோன்றியது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் நிலைமை என்ன? 1914 இல் பதிவு பெற்ற பட்டதாரிகள் 650 பேர். அவர்களுள் பார்ப்பனர் 452 பேர். அந்தக் காலத்தில்தான் டாக்டர் நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் கண்டார். வெளியூரிலிருந்து படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்கு உண்ணச் சோறும் உறங்க இடமும் அங்கே கிடைத்தன. தங்க இடம் கிடைத்துவிட்டால் போதுமா? கையில் நூல் வேண்டாமா? உழவன் மகனும் நெசவாளி மகனும் புதுநூலை விலை கேட்கவும் அஞ்சிய காலம் அது.

அவர்களுக்குக் கை கொடுத்தது கல்விக்கூடமன்று, கடைத்தெரு. பிராட்வேயில் நெரிசல் மிகுந்திருந்த சந்தைக்கு மாற்றாக, சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே செங்கல் மாளிகையாக எழுந்தது மூர் மார்க்கெட். நகராண்மைத் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயர் தாங்கி, 1900 இல் திறக்கப்பட்டது. காயும் பூவும் இறைச்சியும் விற்க எழுப்பிய கட்டடம் அது. நாளடைவில் கிராமபோன் தட்டும் பழைய கடிகாரமும் அங்கே வந்தன. அவற்றோடு பழைய புத்தகமும் வந்தது. பிறகு புத்தகமே அதற்குப் பெயர் வாங்கித் தந்தது. பச்சையப்பன் கல்லூரி 1940 வரை சைனா பசார் பக்கத்தில் இருந்தது. அங்கே பயின்ற பிள்ளைகளுக்கு மூர் மார்க்கெட் நடந்து போகும் தொலைவு. கன்னிமாரா நூலகம் 1896 இலேயே திறந்திருந்தது. காஞ்சியிலிருந்து வந்த மாணவர் அண்ணாதுரை அந்நூலகத்தைத் தம் இரண்டாம் கல்லூரியாக்கிக் கொண்டதை நாடறியும். நூலகத்து நூலைத் திருப்பித் தரவேண்டும். வாங்கிய நூலோ வீட்டில் தங்கும். அண்ணன் படித்ததைத் தம்பி படிப்பான், தங்கையும் படிப்பாள்.

அந்த வணிகம் நடந்த விதத்தையும் கருதுவோம். ஆண்டு முடிந்ததும் மாணவன் பாடநூலை விற்பான். அடுத்த ஆண்டு மாணவன் அதைக் குறைந்த விலைக்கு வாங்குவான். முன்னவன் கோடிட்ட வரிகள் பின்னவனுக்கு வழிகாட்டும். பாடத்திட்டம் மாறிய அன்றே அந்நூல் எடைக்குப் போகும். கடைக்காரர் அறங்காவலர் அல்லர், வணிகர்தான். எடைக்கு வாங்குவார், ஏட்டைப் பார்த்து விலை சொல்வார், பேரம் பேசுவார். ஆனால் ஒன்றை மட்டும் அவர் கேட்டதில்லை. உன் குலம் என்ன, கோத்திரம் என்ன என்று அவர் கேட்டதில்லை. மனு தந்த கந்தல் பிச்சை. மாணவன் காசு கொடுத்து வாங்கிய பழைய நூல் உடைமை. பிச்சைக்கும் உடைமைக்கும் இடையிலுள்ள தொலைவுதான் சுயமரியாதை!

கடல் கடந்து ஒரு சான்று காண்போம். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார் அம்பேத்கர். பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் காலம் தள்ளிய மாணவர் அவர். அந்நகரின் பழைய புத்தகக் கடைகளில் ஏறத்தாழ 2,000 நூல்களை அவர் வாங்கிச் சேர்த்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். எந்தக் குலத்துக்கு நூல் ஆகாது என்றார்களோ, அந்தக் குலத்தில் பிறந்த மாணவர் வயிற்றைக் கட்டி வாங்கிய நூல்கள் அவை! அவர்தான் 1927 டிசம்பர் 25 இல் மகாடில் மனுநூலுக்குத் தீ மூட்டும் போராட்டத்தை நடத்தினார். நூல்களைக் காதலித்தவர், அந்த ஒரு நூலை மட்டும் ஏன் கொளுத்தினார்? மற்ற நூல்களையெல்லாம் நம்மிடமிருந்து பறித்த நூல் அது என்பதால்தான்.

மூர் மார்க்கெட்டையும் தீ தின்றது. 1985 மே 30 இல் அது எரிந்தது. அவ்விடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கடைகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்திற்குப் பெயர்ந்தன. திருவல்லிக்கேணியில், பைகிராப்ட்ஸ் சாலையாக இருந்து பாரதி சாலையான தெருவிலும் பழைய புத்தகம் மாணவரைத் தேடி நடைபாதைக்கு வந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் விலையின்றிக் கிடைக்கிறது. இந்தியாவுக்கே வழிகாட்டிய பொது நூலகச் சட்டம் 1948 இல் சென்னை மாகாணத்தில் பிறந்தது. கோட்டூர்புரத்தில் 2010 இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023 இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தன. இவற்றுக்குப் பின்னும் பழைய புத்தகக் கடை எதற்கு என்று கேட்கலாம்.

இதற்காகத்தான், தோழர்களே! நம் இயக்கத்தின் வரலாறு தோல் அட்டையில் தங்க எழுத்தில் அச்சாகவில்லை. மட்டத் தாளில், சில காசு விலையில், சின்னஞ்சிறு வெளியீடுகளாக வந்தது. 1882 முதல் 1888 வரை சென்னையில் நாத்திகம் பேசிய ‘தத்துவ விவேசினி’யை இன்று நாம் படிக்க முடிகிறதென்றால், யாரோ ஒருவர் அதை எடைக்குப் போடாமல் காத்தார் என்பது பொருள். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா, பிறர் பழங்குப்பை என்றவற்றை ஏறத்தாழ 1,00,000 அளவில் சேர்த்தார். அவர் 1992 இல் மறைந்தார். அந்தத் தொகுப்பு 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக வாழ்கிறது. அரசோ, மடமோ, ஆலயமோ செய்யாததை ஒரு தனிமனிதர் செய்தார்!

சரசுவதி பூசை நாளில் நூலுக்குச் சந்தனம் பூசி, அன்று அதைப் படிக்காதே என்கிறது ஒரு மரபு. நமக்கு அது வேண்டாம். ஆண்டு முடிவில் நூலை எடைக்குப் போடாதீர்; அடுத்து வரும் மாணவனுக்குக் கொடுங்கள், அல்லது ஊர்ப் படிப்பகத்தில் சேருங்கள். பாட்டனார் பெட்டியைத் திறக்கும்போது, கிழிந்த ‘குடி அரசு’ இதழ் ஒன்று அடியில் கிடக்கிறதா என்று பாருங்கள். நடைபாதை வணிகரைக் காக்க 2014 இல் சட்டம் வந்திருக்கிறது. கல்லூரி வாயிலில் புத்தகம் விற்பவரை விரட்ட வந்தால், அந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டி அவர் பக்கம் நில்லுங்கள். மனுவின் பட்டியலில் இல்லாத அந்த ஒரு பொருள், எவர் கைக்கும் எட்டும் விலையில் தெருவில் கிடக்கவேண்டும். அதைக் காப்பது நம் கடமை.