உயிருக்கா, பயிருக்கா? – துப்பாக்கி உரிமம் பற்றிச் சில குறிப்புகள்

‘உயிருக்கா, பயிருக்கா?’ என்று கேட்டார் அந்த எழுத்தர். கேலியில்லை. படிவத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டுதான் கேட்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன்.

பெரியப்பாவுக்கு வயது 74. ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே, ஊரைவிட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்து வீடு. பிள்ளைகள் வெளியூரில். 2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரே தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025இல் சிவகிரிப் பக்கம் ஒரு முதிய தம்பதி. இந்தச் செய்திகளுக்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கவில்லை. போதாததற்கு அவருடைய நாயை எவனோ விஷம் வைத்துக் கொன்றுவிட்டான். ‘படிச்சவன் நீ, எந்தத் துப்பாக்கி வாங்கலாம்னு விசாரிச்சுச் சொல்லு’ என்றார். தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் இதையும் கேட்கலாம் என்று நினைக்க ஒரு பெரியப்பாவால்தான் முடியும்.

விசாரித்தேன். நம் நாட்டில் இது துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் காரியமே அல்ல. முதலில் தன்னை என்ன வகை ஆள் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவில், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்வரி இல்லாத துப்பாக்கி என்கிறது. பயிர்க் காவலுக்குக் கேட்பவருக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து இடிப்பதற்குள் பன்றி பழனி போய்விடும். அந்தப் பன்றியையும் விவசாயி நினைத்தபடி சுட முடியாது. காட்டை விட்டு வெளியே வரும் பன்றிகளைச் சுட 2025இல் தமிழக அரசு வழி செய்தபோது அந்தப் பொறுப்பு வனத்துறையிடம்தான் போனது. கைத்துப்பாக்கி என்றால் கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். இதே கான்பூரிலிருந்து 2014இல், டில்லிக் கொடுமைக்குப் பிறகு, ‘நிர்பீக்’ என்று பெண்களுக்காக ஒன்று வந்தது. விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல், நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து. எந்தப் பெண்ணை மனத்தில் வைத்து அரசு இதைச் செய்தது என்பதைப் பெட்டியே சொல்லிவிடுகிறது.

பெரியப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றில் இருக்கிறது. கை நடுக்கம். இரட்டைக்குழல் பன்னிரண்டு போர்தான் ஏற்றது, சிதறிப் பாயும், குறி தப்பினாலும் பயமுறுத்தும் என்றார் முன்பு உரிமம் வைத்திருந்த நண்பர் ஒருவர். ஆனால் தோட்டாவையும் துப்பாக்கியையும் பூட்டி வைக்க வேண்டும். நள்ளிரவில் சத்தம் கேட்டுக் கண்ணாடி தேடி, சாவி தேடி, பீரோ திறந்து... ‘அதுக்குள்ள அவன் காப்பி போட்டுக் குடிச்சிருவான்’ என்றார் பெரியப்பாவே. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். திருடனுக்குத் தேர்தல் நடத்தை விதிகள் கிடையாது.

பின் எதற்காக இந்த உரிமத்துக்கு மனிதர்கள் அலைகிறார்கள்? இங்கேதான் சரித்திரத்துக்குள் போக வேண்டியிருக்கிறது.

பெரியப்பாவின் தோட்டத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் விருப்பாச்சி. அதன் பாளையக்காரர் கோபால நாயக்கர் கம்பெனிக்கு எதிராகத் திரண்ட கூட்டணியில் முன்நின்று 1801இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ், தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. நாம் இதை வீர வரலாறாக மட்டும் வாசித்துப் பழகியிருக்கிறோம். ஆயுதம் பறிபோனதோடு காவல் என்கிற ஒரு ஏற்பாடே பறிபோனதை அவ்வளவாகப் பேசுவதில்லை. பாடிக்காவலில், காவல்காரர் ஊரிடம் கூலி வாங்குவார். களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். திருட்டு மாட்டைத் துப்புச் சொல்லி மீட்டுக் கொடுக்கத் ‘துப்புக்கூலி’. காவல்காரனும் களவாடுகிறவனும் பல சமயம் ஒரே ஆள்தான் என்பது ஊருக்குத் தெரியும். இதைப் பொற்காலமாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. 1896ஐ ஒட்டி இதே திண்டுக்கல் வட்டாரத்துக் குடியானவர்கள் ‘பண்டு’ பிரித்துக் கள்ளர் காவலுக்கு எதிராகக் கிளம்பியதும், வீடுகளைக் கொளுத்தியதும் நடந்தவைதான். காலனிய அரசு இந்தச் சிக்கலுக்கு ஒரு பெயரிட்டு முடித்துவைத்தது: ‘குற்றப் பரம்பரை’. 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஊரைக் காப்பவன் என்ற அடையாளம் ஊருக்கு ஆபத்தானவன் என்று மாற ஒரு நூற்றாண்டுதான் பிடித்தது. துப்பாக்கி இப்போது ஒரே பக்கம் இருந்தது.

இதற்கிடையில் இரண்டு சட்டங்கள். மெக்காலே 1837இல் வரைந்து 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம், இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைக் கொல்லும் அளவுக்குத் தற்காப்புரிமை தந்தது. (2024 ஜூலையில் சட்டத்தின் பெயர் மாறிய பிறகும் இந்த உரிமை அப்படியே இருக்கிறது.) சுதேசிகளிடம் ஆண்மை உணர்வை எழுப்ப வேண்டும் என்பது மெக்காலே குழுவின் கவலைகளில் ஒன்று. 1878இல் லிட்டனின் ஆயுதச் சட்டம் அந்த ஆண்மையின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டது. ஐரோப்பியருக்கு விலக்கு. விசுவாசமான சில பிரபுக்களுக்கும் விலக்கு. குடகர்களுக்கு 1861லேயே விலக்கு தரப்பட்டிருந்தது. அந்த விலக்கு இன்றும் உயிரோடிருக்கிறது. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. இனத்தின் பெயரால் வெள்ளைக்காரன் கொடுத்த சலுகை, அவன் போய் முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும்.

ஆக, உரிமம் என்பது ஆயுதத்துக்கான சீட்டல்ல. ‘இவன் நம்மாள்’ என்று அரசு எழுதிக் கொடுக்கும் நற்சான்று. 1887 சென்னைக் காங்கிரஸில் பிபின் சந்திர பால் முதலானோர் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார்கள். 1918இல் படைக்கு ஆள் சேர்த்த காந்திகூட இதைப் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கறுத்த செயல்களில் ஒன்றாகச் சொன்னார். 1931 கராச்சித் தீர்மானம் ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமகனின் உரிமைகளில் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை நினைவூட்டித் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆயுதம் தாங்குவது தனிமனிதனின் உரிமை அல்ல, அரசு கேட்டால் செய்ய வேண்டிய கடமை என்பது அவர் வாதம். அம்பேத்கர் எதிர்த்ததைக் கண்டு நம்மில் சிலருக்குச் சங்கடம். எனக்கு இல்லை. ஆயுத உரிமை பொதுவானது என்று எழுதிவைத்தால் அது கிராமத்தில் முதலில் எந்தத் தெருவுக்குப் போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியாதா?

1959 சட்டத்தின் 14ஆம் பிரிவில் ஒரு வரி வருகிறது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது. எதைச் செய்யாதே என்று சட்டம் சொல்கிறதோ அதைத்தான் அதுவரை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள் என்று வாசிப்பதில் தப்பில்லை. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஆறு ஆண்டுகளில், 1968 டிசம்பர் 25இல், வெண்மணிக்குப் பண்ணையார்களின் ஆட்கள் துப்பாக்கிகளோடுதான் வந்தார்கள். குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். கார் வைத்திருக்கும் அந்தஸ்துள்ளவர்கள் தாங்களே நடந்துபோய் இதைச் செய்திருப்பார்களா என்று பிற்பாடு உயர்நீதிமன்றம் யோசித்தது. சொத்து ஒருவனுக்கு உரிமம் வாங்கித் தருகிறது. அதைப் பயன்படுத்தியவன் அவன் இல்லை என்பதற்கும் அதுவே சாட்சியாகிறது.

இந்த வரலாற்றைத் தலைகீழாக்கும் ஒரே விதி, எனக்குத் தெரிந்து, 1995இன் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆம் விதி. வன்கொடுமை நடக்கக் கூடும் என்று கண்டறியப்பட்ட பகுதியில், தலித்துகளும் பழங்குடிகளும் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கலாம். அவர்களின் உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களின் உரிமங்களையும் சேர்த்து. தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் உரிமம் வழங்கலாம். ‘அவசியம் எனக் கருதினால்’ என்ற சொற்கள் இரண்டிலும் உண்டு. கருதுகிறவர் யார்? விதி வந்து இரண்டே ஆண்டில், 1997 ஜூன் 30இல், பாதுகாப்புக் கேட்டுக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்.

இவ்வளவையும் நான் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வரலாறு வேறு. தாத்தாவிடம் ஒற்றைக்குழல் ஒன்று இருந்தது. பயிருக்கு என்று வாங்கியது. அது பன்றியைச் சுட்டதாக வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஒரு அறுவடையில் கூலி கூடக் கேட்டு வளவுக்காரர்கள் களத்துமேட்டில் வந்து நின்றபோது தாத்தா அதைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். ‘ஒண்ணும் சொல்லலைப்பா, சும்மா துடைச்சாரு. எல்லாரும் கலைஞ்சு போயிட்டாங்க’ என்று பெருமையாகத்தான் சொல்வார் பெரியப்பா. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு இருந்தது, பத்துப் பன்னிரண்டு வயது வரைக்கும். சுடாமலே வேலை செய்யும் ஆயுதம். அதிகாரம் பற்றி நான் பின்னால் படித்த கோட்பாட்டுப் புத்தகங்கள் எதுவும் இந்தத் திண்ணையைத் தாண்டிப் பெரிதாகச் சொல்லிவிடவில்லை.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? பெரியம்மா குடித்தது தக்காளிக்கு அடிக்க வாங்கிவைத்த மருந்து. பயிருக்கு என்று வீட்டுக்குள் வந்தது உயிருக்குப் போனதை நாங்கள் ஏற்கனவே பார்த்திருக்கிறோம். தனியாக இருக்கும் கிழவரின் பீரோவில் இரட்டைக்குழல் ஒன்று வெளியிலிருந்து வருகிறவனுக்காக மட்டுமே காத்திருக்கும் என்று நான் எப்படி நம்புவது?

படிவத்தை எழுதாமலே வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தோம். நாய் செத்த பிறகு ராத்திரியில் அங்கே துணைக்குப் படுப்பவர், வளவிலிருந்து வருகிறவர், அறுபதைத் தாண்டியவர். அன்று திண்ணைக்கு முன்னால் கலைந்துபோனவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். பெரியப்பா அவரை இன்னும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார், நான் அண்ணா என்கிறேன், அதில் பெரிய வித்தியாசம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. துப்பாக்கி வாங்குவதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. நான் கேட்டேன்.

சாக்கை உதறி விரித்தபடியே சொன்னார்: ‘வாங்கட்டுங்க. ஆனா அது வந்துருச்சுன்னா நான் இங்க படுக்கறதுக்கு இல்லைங்க தம்பி. ராத்திரி ஒண்ணுக்குப் போக நான் எந்திரிச்சா, இருட்டுல ஐயாவுக்கு நான் யாருன்னு தெரியணுமில்லைங்களா?’

கயிற்றுக் கட்டிலில் பெரியப்பா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, ராஜபாளையம் பக்கம் நாய்க்குட்டி என்ன விலை போகிறதென்று விசாரிக்கச் சொன்னார். படிவம் பீரோவில்தான் இருக்கிறது.