இறால், சிப்பி வளர்ப்பின் சூழல் தாக்க மதிப்பீடு (தமிழ்நாட்டுக் கடற்கரை)

இறால், நண்டு, ஆளி, மட்டி, முத்துச்சிப்பி முதலிய ஓடுடைய நீர்வாழ் உயிர்களைப் பண்ணையிட்டு வளர்ப்பதால், சரணாலயம், காப்புக்காடு, தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்ட கடலோரப் பகுதிகளில் நேரும் மாற்றங்களை அளந்து கணிக்கும் பணி இது. தமிழ்நாட்டில் இப்பணி ஏறக்குறைய முழுவதும் இறால் பண்ணைகளைப் பற்றியதாகவே அமைந்தது. அதுவும் பண்ணைகள் தோண்டப்படுவதற்கு முன் நடந்ததைவிட, தோண்டிய பிறகு நீதிமன்றத்தின் உத்தரவால் நடந்ததே மிகுதி.

முத்துப் பார்களும் தொடக்கக் கணக்கெடுப்பும்

தமிழகக் கடலோரத்தில் சிப்பியை எண்ணிக் கணக்கெழுதும் வழக்கம் சூழலியல் என்னும் துறைக்கு மிகவும் மூத்தது. கொற்கையின் முத்துக்குளிப்பைப் பெரிப்ளுஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற கைதிகளே அங்கு மூழ்கினர் என்றும் அது சொல்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி படிந்து வளரும் பாறைத் தளங்களுக்குப் பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தோலாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சி கைமாறினாலும் பார்களைச் சோதிக்கும் முறை பெரிதாக மாறவில்லை. மூழ்குவோரை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுப்பார்கள், வயதைக் கணிப்பார்கள், கிடைத்த முத்துகளை மதிப்பிடுவார்கள், அதன்பின் குளிப்பு நடத்தலாமா, இன்னும் சில ஆண்டு காத்திருக்கலாமா என்று முடிவு செய்வார்கள். வருவாய்க்காகச் செய்யப்பட்ட கணக்குதான் இது. ஆயினும் ஒரு வளத்தைத் தொடுவதற்கு முன் அதன் நிலையைப் பார்ப்பது என்ற ஒழுங்கு இதில் இருந்தது. பிற்கால இறால் தொழிலுக்கு இந்த ஒழுங்கு வாய்க்கவில்லை.

இலங்கைப் பக்கத்துப் பார்கள் அடிக்கடி பொய்த்துப் போனதன் காரணத்தை அறிய, பிரித்தானிய விலங்கியலாளர் டபிள்யூ. ஏ. ஹெர்ட்மேன் அனுப்பப்பட்டார். அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்துறைக்கு வந்தார். 1910 வாக்கில் பழவேற்காடு ஏரியில் உண்ணும் ஆளியை வளர்த்துப் பார்த்தவர் அவர்தான். இந்தியாவில் ஆளி வளர்ப்பின் தொடக்கமாக இம்முயற்சியையே மீன்துறை நூல்கள் சொல்கின்றன. இன்று அந்த ஏரி ஆந்திரப் பகுதியிலும் தமிழகப் பகுதியிலும் பறவைகள் சரணாலயம்.

1955 தொடங்கி 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு தொடர்ந்து நடந்து, அதன்பின் நின்றுபோயிற்று. இயற்கைப் பார்கள் கைவிட்டதும் செயற்கை முத்தின் மீது கவனம் திரும்பியது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி, தூத்துக்குடிக்கு வடக்கேயுள்ள வேப்பலோடையில் 1973இல் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கினார். ஜப்பானியர் பொத்திக் காத்துவந்த நுட்பம் இந்தியக் கைக்கு வந்தது அப்போதுதான். 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் பெறும் வழியும் கிட்டியது. அதே பத்தாண்டுகளில் தூத்துக்குடிக் கழிகளில் சட்டங்களில் தொங்கவிட்டு ஆளி வளர்க்கும் முறையும் சோதிக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவிக்கப்பட்டன. 1989இல் அப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. ஆக, இந்தக் கரையில் பண்ணை முந்திக்கொண்டது, காப்பு பின்னால் வந்தது.

சிப்பிக்கும் ஆளிக்கும் தீவனம் போட வேண்டியதில்லை. நீரிலுள்ள நுண்பாசியை வடிகட்டி உண்டு அவை வளர்கின்றன. நெருக்கமாக வளர்த்தால் அவற்றின் எச்சம் அடிமண்ணில் படிந்து ஆக்சிஜன் குறையும். மற்ற உயிர்களுக்கான நுண்பாசியும் குறையும். நீரோட்டம் நன்றாக உள்ள இடத்தில் இவ்விரண்டும் பெரிய தொல்லை தருவதில்லை. இறாலின் கதை வேறு.

பண்ணைமுறைகளின் வகைப்பாடு

இறால் வளர்ப்பை மரபுமுறை, மேம்பட்ட மரபுமுறை, பரந்த முறை, திருத்திய பரந்த முறை, அரைத்தீவிர முறை, தீவிர முறை என்று ஆறாகப் பிரிப்பர். இப்பகுப்பை எடுத்துரைத்தவர், முத்து வளர்த்த அதே அழகர்சாமி. 1987இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக 1994இல் அவர் வாசித்த கட்டுரை, இரண்டாண்டு கழித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றது. ஆய்வாளர் ஒருவர் வசதிக்காக வகுத்த பிரிவுகள் எது நிற்கலாம், எது இடிபடும் என்பதைத் தீர்மானிக்கும் சட்ட அளவுகோலாயின. ஆகவே இவற்றை விரித்துச் சொல்வது தேவையாகிறது.

மரபுமுறையில் விதை (வளர்ப்புக்கான இறால் குஞ்சு) வாங்குவதில்லை. ஓதத்தோடு உள்ளே வரும் இறால் குஞ்சுகளை மடை அடைத்துத் தேக்கி, வளர்ந்ததும் பிடித்துக்கொள்வார்கள். கேரளத்தின் பொக்காளி வயல்கள் இதற்குச் சிறந்த சான்று. மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் நெல்லும், அறுவடை முடிந்த பின் அதே வயலில் இறாலும் விளைகின்றன. வங்காளத்தில் பேரி எனப்படும் உவர்நீர்க் குளங்களும் இவ்வகையே. மேம்பட்ட மரபுமுறையில் வெளியிலிருந்து கொஞ்சம் விதை விடுவது உண்டு. தேவைக்கேற்பச் சிறிதளவு தீவனமும் தருவார்கள். பரந்த முறையில் இதற்கென்றே குளம் வெட்டப்படுகிறது. நீர்மாற்றத்துக்கு ஓதமோ பம்போ உதவுகிறது. திருத்திய பரந்த முறை விதையின் நெருக்கத்திலும் தீவனத்திலும் அதற்கு ஒரு படி மேல். அரைத்தீவிர முறையில் பொரிப்பக விதை, ஆலைத் தீவனம், காற்றூட்டிகள், இடைவிடாத பம்பு என எல்லாம் சேர்கின்றன. தீவிர முறை இதன் உச்சம்.

தமிழ்நாட்டில் பொக்காளி போன்ற மரபு பெரிதாக இல்லை. 1990 முதல் இங்கே பரவியவை பெரும்பாலும் திருத்திய பரந்த முறைப் பண்ணைகளும் அரைத்தீவிரப் பண்ணைகளுமே. பணம் படைத்த நிறுவனங்கள் பழைய தஞ்சை மாவட்டக் கடலோரத்தில், சீர்காழி, தரங்கம்பாடி வட்டாரங்களில் நன்செய்யையும் புறம்போக்கையும் வளைத்துக் குளம் வெட்டின. வளர்க்கப்பட்டது வரி இறால். அரைத்தீவிரக் குளத்தில் இடும் தீவனத்திலுள்ள நைட்ரஜனில் கால்பங்கு அளவே இறாலின் உடலில் சேர்கிறது. மீதி சேறாகவும் கரைந்த கழிவாகவும் வடிகாலுக்குப் போகிறது. கடல்நீரின் உப்பைக் குறைக்க நிலத்தடி நன்னீரை இறைத்துக் கலந்ததால் ஊர்க் கிணறுகள் உவர்த்தன. 1994இல் இறாலைக் கொல்லும் வெண்புள்ளி நோய் கிழக்குக் கரைப் பண்ணைகளில் புகுந்தது. பல நிறுவனங்கள் குளங்களை அப்படியே போட்டுவிட்டுப் போயின. உப்பேறிய மண் ஊர்க்காரருக்கு மிஞ்சியது.

ஜெகந்நாதன் வழக்கு

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் நாகை வட்டாரத்தில் நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத் தரும் பணியில் பல ஆண்டு ஈடுபட்டிருந்தவர்கள். பெற்றுத் தந்த நிலத்தின் அருகிலேயே இறால் குளம் எழுவதைக் கண்ட அவர்கள் சத்தியாகிரகம் தொடங்கினர். 1994இல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். அவர் கையிலிருந்த பிடி, 1991 பிப்ரவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தில் எது செய்யலாம், எது கூடாது என்று அது வரையறுத்திருந்தது.

நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நேரில் சென்று பார்த்து அறிக்கை தரும்படி 1995இல் நீதிமன்றம் பணித்தது. தமிழகக் கரை முழுவதையும் நோக்கிய மதிப்பீடு என்று சொல்லத்தக்கது இதுவே. நீரின் தரம், மண்ணின் உப்பு, கிணறுகளின் நிலை ஆகியவற்றோடு நிற்காமல் பணக் கணக்கும் போட்டது அந்நிறுவனம். இறாலால் வரும் ஆண்டு வருவாயைவிடச் சூழலுக்கும் மக்களுக்கும் நேரும் இழப்பு தமிழ்நாட்டில் சுமார் ஒன்றரை மடங்கு, ஆந்திரத்தில் நான்கு மடங்கு என்பது அதன் முடிவு. இழப்பின் மதிப்பு ஊதிப் பெருக்கப்பட்டது என்று தொழில்துறையினர் கூறினர். குடிநீரை விலைக்கு வாங்க நேர்ந்த ஊர்களுக்கு அக்கணக்கு மிகையாகத் தெரிந்திருக்காது. வழக்கு நடக்கும்போதே, விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் பண்ணையாக மாற்ற 1995 மே மாதம் இடைக்காலத் தடை வந்தது. தமிழக அரசும் அதே ஆண்டில் நீர்வாழுயிர் வளர்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்றை இயற்றியது.

நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தனர். மரபுமுறை, மேம்பட்ட மரபுமுறை தவிர்ந்த பண்ணைகள் கடலோர மண்டலத்துக்குள் இருக்கக் கூடாது. இருப்பவற்றை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள்ளும் இதே தடை. சதுப்பு நிலம், அலையாத்திக் காடு, வனநிலம், பொதுநிலம் எதையும் குளமாக்கக் கூடாது. கெடுத்தவரே சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும். வேலையிழக்கும் தொழிலாளருக்கு ஆறாண்டுக் கூலி தர வேண்டும். இந்திய நீதிமன்றம் கடற்கரைக்காக எழுதிய தீர்ப்புகளில் இதற்கு நிகரானது அரிது.

தீர்ப்பின்படி 1997 பிப்ரவரியில் நீர்வாழுயிர் வளர்ப்புக்கான ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. ஆனால் மறுஆய்வு மனுக்கள் வந்ததும் இடிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழுயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கிவிட்டது. புதிய பண்ணைக்கான தடை உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டராகச் சுருங்கியது. முன்பே இருந்த பண்ணைகளுக்கு அதிலும் விலக்கு கிடைத்தது.

அளக்கும் முறை

கழிவுநீரில் மிதக்கும் திண்மம், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அமோனியா, பாஸ்பேட், மொத்த நைட்ரஜன் ஆகியவை அளக்கப்படுகின்றன. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை கடலில் விடும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமும், கழியில் விடும் நீரில் 20 மில்லிகிராமும் வரை இருக்கலாம். பாஸ்பேட்டுக்கு முறையே 0.4, 0.2. கழி ஒடுங்கியது, நீர் தேங்குவது என்பதால் இந்த வேறுபாடு. இவற்றோடு மண்ணின் மின்கடத்துதிறன், அடிமண் உயிர்களின் எண்ணிக்கை, காட்டின் பரப்பைக் காட்டும் செயற்கைக்கோள் படங்கள் ஆகியவையும் ஒப்பிடப்படுகின்றன.

குறை அளவுகோலில் இல்லை, அதை வைக்கும் இடத்தில் இருக்கிறது. முழுமையான சூழல் தாக்க மதிப்பீடு 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைக்கே கட்டாயம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு 5 ஹெக்டேரிலிருந்து. தமிழகப் பண்ணைகளில் பெரும்பாலானவை 2 ஹெக்டேருக்கும் சிறியவை. அவற்றை மாவட்டக் குழுவே பார்த்துப் பரிந்துரைத்துவிடும். ஒரே கழிமுகத்தில் வடியும் நூறு சிறு குளங்களும் தனித்தனியே விதிக்கு உட்பட்டு, சேர்ந்து அந்தக் கழிமுகத்தைக் கெடுக்க முடியும். கழிமுகம் எவ்வளவு தாங்கும் என்று முதலில் கணித்து, அதற்குள் எத்தனை பண்ணை என்று பங்கிடுவதே சரியான முறை.

ஐரோப்பாவில் காப்பிடத்தை, அதாவது சட்டப் பாதுகாப்புள்ள இடத்தை, மையமாக வைத்தே எவ்வளவு தாங்கும் என்ற இக்கேள்வி கேட்கப்படுகிறது. நெதர்லாந்தின் வாடன் கடலில் இயந்திரம் கொண்டு மட்டி அள்ளுவது பற்றிய வழக்கில், காப்பிடத்துக்குத் தீங்கில்லை என்பதில் அறிவியல் ஐயம் எஞ்சாதபோதே அனுமதி தரலாம் என்று 2004இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறிற்று. 2007இல் அயர்லாந்து, காப்பிடங்களிலுள்ள வளர்ப்புப் பண்ணைகளை முறையாக மதிப்பிடாததற்காக அதே நீதிமன்றத்தில் தோற்றது.

காப்பிடங்கள்

கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். வெளிமானுக்கும் பூநாரைக்கும் பெயர்பெற்றது. வேதாரண்யம் சதுப்பும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அதனோடு சேர்ந்து 2002இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. முத்துப்பேட்டையில் மரங்கள் மெலிந்ததற்கு இறால் பண்ணைகளையே முழுப் பொறுப்பாக்குவது வழக்கமாகிவிட்டது. அடிப்படைக் காரணம் அதனினும் பழையது. காட்டைக் கூறு கூறாக முற்றும் வெட்டும் ஆங்கிலேயர் கால முறையால் திறந்த தரை அமிழ்ந்து, நீர் தேங்கி, உப்பு ஏறியது. பாமணியாறும் கோரையாறும் கொண்டுவந்த காவிரி நன்னீரும் குறைந்தது. பண்ணைகள் காட்டின் விளிம்பை நெருக்கி, வடிகால்களில் கழிவை விட்டு, ஏற்கெனவே நலிந்த காட்டுக்கு மேலும் சுமை சேர்த்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டதும் வெண்கண்டல் மீண்டும் தழைத்தது. பிச்சாவரத்திலும் இதே முறை பலன் தந்தது. பிச்சாவரம் 2022இல் ராம்சர் தகுதி பெற்றது.

இன்றைய நிலை

2009 முதல் அமெரிக்க இனமான வனாமி இறால் அனுமதிக்கப்பட்டு, வரி இறாலை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டது. ஒரு சதுர மீட்டரில் 60 குஞ்சு வரை விடலாம். 2023இல் ஆணையச் சட்டம் திருத்தப்பட்டு, சிப்பி, கடற்பாசி வளர்ப்புகளும் அதன் வரம்புக்குள் வந்தன. பதிவின்றிப் பண்ணை நடத்துவோருக்கு இருந்த சிறைத்தண்டனை நீங்கி, அபராதம் போன்ற நடவடிக்கைகளே உள்ளன.